ஒரு புள்ளி தள்ளி

ஒன்றரை மணிப் படம் ஒன்றே முக்காலுக்கு வந்தது. எப்போதும் அப்படித்தான். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு அரைமணிக்கு ஒரு தடவை பூமியைப் படமெடுக்கிற அந்த எந்திரம், எடுத்ததை வரிவரியாகக் கீழே இறக்கி, அது எங்கெங்கோ சுற்றியலைந்து, இந்த ஆட்சியர் அலுவலக மாடியில் பேரிடர் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் வந்து விழக் கால்மணி நேரம் ஆகிவிடும். ஆக, செண்பகவல்லி பார்ப்பதெல்லாம் நடந்து முடிந்த சங்கதி. அதை வைத்துக்கொண்டு நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் சம்பளம். பன்னிரண்டு வருஷமாக மேகம் பார்க்கிறாள். இந்த மாவட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். டொக். டொக். சாப்பாட்டு டப்பாவில் மோர்சாதம் பாதி இருந்தது, காலையில் பிசைந்தது, இதற்குள் புளித்துவிட்டது. பாலில் பிசைந்து கொஞ்சமாக மோர் விட்டால் புளிக்காது என்று அம்மா சொல்வாள், அது ஏன் அப்படி, பால் தயிராக எத்தனை நேரம் பிடிக்கும், இந்த அறையின் குளிரில் அது தாமதமாக வேண்டுமே, ஏன் ஆகவில்லை என்று யோசித்துக்கொண்டே கண்ணைத் திரையில் வைத்தாள். மேற்கு மலைத்தொடர் மேலே, போன படத்தில் ஒன்றுமில்லாத இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. அதன் நடுவே சிவப்பாக ஒரு துளி. அடுத்த படம் இரண்டே காலுக்கு. அதற்குள் ஊசிப்பாறை மலையிலிருந்து ஆடி அமாவாசைக் கூட்டம் இறங்கத் தொடங்கிவிடும். அய்யனாரைக் கும்பிட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் கல்தோணி ஓடையைக் காலால் நடந்துதான் தாண்ட வேண்டும், பாலம் கிடையாது, இன்றைக்குக் கணக்கு ஒன்பதாயிரம் பேர்.

சிவப்பென்றால் குளிர் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், சிவப்பு எப்படிக் குளிராகும் என்று கேட்பார்கள். கலெக்டர்கூட முதல் நாள் கேட்டார். மேகம் எவ்வளவு உயரமோ அதன் தலை அவ்வளவு குளிர், அந்தக் குளிரைத்தான் எந்திரம் அளக்கிறது, மழையை அது ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. பாத்திரத்து மூடியைத் தொட்டுப் பார்த்து உள்ளே குழம்பு கொதிக்கிறதா என்று சொல்கிற வேலைதான் இது. மைனஸ் எழுபத்திரண்டு. அப்படியென்றால் பதினாறு கிலோமீட்டர் உயரம் இருக்கும். அரைமணி நேரத்தில் இத்தனை உயரம் எழும்பியிருக்கிறதே, என்ன அவசரம் அதற்கு? காலையில் மலை சுட்டிருக்கும், கடல்காற்று உள்ளே வந்திருக்கும், இரண்டும் முட்டிக்கொண்டு மேலே போயிருக்கும். தெரிந்த விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஆசையாக இருக்கும். சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். சித்திக்கு வடாம் காயுமா என்று தெரிந்தால் போதும். மதினிக்குக் கல்யாண மண்டபத்துக்கு வெளியே பந்தல் போடலாமா என்று தெரிந்தால் போதும். ஒரு தடவை வடாம் நனைந்துவிட்டது என்று சித்தி மூன்று மாதம் பேசவில்லை. மேகம் மேடம். அந்தப் பேரை அவளுக்கு யார் முதலில் வைத்தார்கள்? பௌர்ணமிக்கு அப்புறம் ஊரெல்லாம் அதுதான். கேலியாக வைத்த பேர் என்று தெரியும், இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதையும் யாரிடமும் சொல்ல முடியாது. சிவப்புத் துளி மலைமுகட்டுக்கு வடக்கே, காட்டாம்பாறை அணைப் பள்ளத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அங்கே பெய்தால் தண்ணீர் அணைக்குப் போகும். முகட்டுக்குத் தெற்கே பெய்தால்தான் கல்தோணிக்கு வரும். நடுவில் ஒரு முகடு, அவ்வளவுதான், படத்தில் ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியென்றால் தரையில் நாலு கிலோமீட்டர். அப்பாடா என்று இருக்க வேண்டும். ஏன் இல்லை?

பௌர்ணமியை நினைக்காமல் இருந்தால் நல்லது, ஆனால் நினைப்பு எங்கே சொன்னபடி கேட்கிறது? பதினைந்து நாளைக்கு முன்னால், இதே நாற்காலி, இதே நேரம், இதே மாதிரி ஒரு சிவப்பு, அன்றைக்குச் சரியாகக் கல்தோணிப் பள்ளத்துக்கு மேலேயே இருந்தது. சந்தேகமே இல்லை. கூட்டத்தை மறியுங்கள் என்றாள். மறித்தார்கள். நாலாயிரம் பேர் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர், சின்னப் பிள்ளைகள் அதில் கல் எறிந்து விளையாடின. ஒரு சொட்டு கூடவில்லை. ராசபாளையத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார், பிழைத்துக்கொண்டார், பிழைத்துக்கொண்டார் என்று அவள் தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். அதற்கு மறுநாள் வந்ததுதான் இந்த உத்தரவு: காட்டாம்பாறை மழைமானியில் மழை பதிவானால் மட்டுமே ஓடையை மறிக்க வேண்டும். படத்தை நம்பி மறிக்கக் கூடாது. உத்தரவில் அவள் பேர் இல்லை, ஆனாலும் அது அவளுக்குத்தான் என்று வாளிக்குள் சொட்டுகிற தண்ணீருக்குக்கூடத் தெரியும். மலையில் இருக்கிற ஒரே மழைமானி அது. ரேடார் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, முகடு மறைத்துவிடும். மேசைக் கணினியில் மழைமானியின் கட்டம் திறந்தே இருந்தது. 0.0. புள்ளி வைத்த பூஜ்யம். வெறும் பூஜ்யம் போட்டால் என்ன? புள்ளிக்கு அப்புறமும் ஒரு பூஜ்யம் போட்டால் ரொம்பக் கவனமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி இருக்கிறது. உள்ளே ஏற்ற இறக்கப் பலகை போல ஒரு சின்னக் கிண்ணம், மழைத்தண்ணீர் நிரம்பினால் சாயும், சாய்ந்தால் எண் ஏறும். பதினாறு கிலோமீட்டர் மேகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு அந்தக் கிண்ணம் ஒரு தடவைகூடச் சாயவில்லையா? “சார், காட்டாம்பாறை மானி வேலை செய்யுதா?” என்று கேட்டாள். எதிர் மேசையில் துணை வட்டாட்சியர் ஷேக் முகைதீன் கையைக் கழுவிவிட்டு வந்து கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு இந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு, ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. “போன மாசம் குருவி கூடு கட்டியிருந்துச்சு மேடம். எடுத்தாச்சின்னு சொன்னாங்க. மறுபடி கட்டியிருக்கோ என்னவோ, குருவிக்கு நம்ம உத்தரவு தெரியுமா?” என்றார். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குருவியாக இருந்தால் சரி. குருவி இல்லையென்றால்?

குருவி இல்லையென்றால் அங்கே மழை பெய்யவில்லை. மழை பெய்யவில்லையென்றால் மேகம் அங்கே இல்லை. ஆனால் மேகம் அங்கே இருக்கிறது, படம் சொல்கிறது. பௌர்ணமியன்றும் படம் சொன்னது, ஓடையில் சொட்டு இல்லை. இரண்டு தடவையும் மேகம் இருந்த இடத்தில் மழை இல்லை. அப்படியென்றால் மழை எங்கே போனது? இத்தனை தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எழுந்தது அதை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும், மடியில் கட்டிக்கொண்டா போகும்? இந்தக் கேள்வியைப் பதினைந்து நாளாக அவள் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் கேள்வி எங்கோ விழுந்துவிட்டது. தப்பாகிவிட்டது, தப்பாகிவிட்டது என்று அழுதாளே தவிர, என்ன தப்பு என்று பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்க்காவிட்டால் பரவாயில்லை, அவள் பார்த்திருக்க வேண்டாமா? முகைதீன் சார் சுவர்த் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “அல்லாஹ் காப்பாத்துனான் மேடம். மேகம் அணைப் பக்கம் போயிட்டு. அணை நெறஞ்சா நல்லதுதான. நம்ம ஆளுக இங்கனதான் தாண்டுதாங்க,” என்று விரலை நீட்டிக் காட்டினார். திரை புதுசு. தொடக்கூடாது, கைரேகை படுகிறது என்று கீழே காகிதம் ஒட்டியிருக்கிறது. அதனால் இந்த அறையில் எல்லோருமே விரலை ஒரு ஜாண் முன்னால் நிறுத்தித்தான் காட்டுவார்கள், அது பழகிவிட்டது. செண்பகவல்லியின் சுழல்நாற்காலி உயரம் ஏறாது, தரையோடு தரையாகக் கிடக்கும். அவள் அண்ணாந்துதான் திரையைப் பார்ப்பாள். “அது அணை சார். ஆளுக தாண்டுற இடம் அதுக்குத் தெக்கே,” என்றாள். “தெக்கேதான மேடம் காட்டுதேன். இந்தா, கல்தோணி.” “இல்ல சார், உங்க விரல் அணையில இருக்கு.” “எழுந்து வந்து பாருங்க.” எழுந்து போய்ப் பார்த்தாள். விரல் கல்தோணியில்தான் இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தாள். விரல் அணைக்குப் போய்விட்டது. மறுபடி எழுந்தாள், உட்கார்ந்தாள். “என்ன மேடம், தோப்புக்கரணமா?” என்றார் அவர், விரலை எடுக்காமல். எடுக்காதீங்க சார், எடுக்காதீங்க, அப்படியே வைங்க. விரல் திரையைத் தொட்டிருந்தால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். திரையை விட்டு ஒரு ஜாண் தள்ளி நிற்பதால், கீழேயிருந்து பார்க்கிற அவளுக்கு அது மேலே ஏறித் தெரிகிறது. வரைபடத்தில் மேலே என்றால் வடக்கு. மேகம் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டா நிற்கிறது? அதன் தலை பதினாறு கிலோமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிற எந்திரம் மட்டும் நம் தலைக்கு நேர் மேலேயா இருக்கிறது? நிலநடுக்கோட்டுக்கு மேலே, நமக்கு வெகு தெற்கே நின்று சாய்ந்து பார்க்கிறது. அதன் கண்ணுக்கு உயரமான மேகம் எல்லாமே கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் தெரியும். எவ்வளவு தள்ளி? காகிதத்தை இழுத்துப் போட்டாள். கோணம் பன்னிரண்டு பாகை இருக்கும், உயரம் பதினாறு. மூன்றரை கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு புள்ளி. புனாவில் பயிற்சி வகுப்பில் இது வந்தது, அவளுக்கு நினைவிருக்கிறது, குளிர்கால மத்தியானம், பக்கத்து இருக்கைக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள், வகுப்பெடுத்தவர் பலகையில் ஒரு முக்கோணம் போட்டுவிட்டு, இது ஐரோப்பாக்காரனுக்குத் தலைவலி, அவன் வடக்கே இருக்கிறான், அவனுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளும், நமக்கு ஒன்றும் பெரிதில்லை, விட்டுவிடலாம் என்று அழித்தார். நோட்டில் ‘நமக்கு வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டாள், அடிக்கோடும் போட்டாள். சமவெளியில் வேண்டாம்தான். மூன்றரை கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால் யாருக்கு என்ன? ஆனால் நடுவில் ஒரு முகடு நின்றால்? பௌர்ணமி மேகத்தை ஒரு புள்ளி தெற்கே இழுத்தாள், கல்தோணியை விட்டு அடுத்த பள்ளத்தில் போய் விழுந்தது, ஆளில்லாத காடு, அங்கே மழைமானி இல்லை, பார்க்க ஒருவரும் இல்லை. இன்றைய மேகத்தை ஒரு புள்ளி தெற்கே இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றது. கல்தோணிக்கு மேலே.

மணி இரண்டு ஐந்து. மேலே பெய்தால் தண்ணீர் தாண்டுகிற இடத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும், ஒன்றரைக்கே சிவப்பாகியிருக்கிறது, இரண்டரை, அதற்கு முன்னாலும் இருக்கலாம். முகைதீன் சாரிடம் சொன்னாள். அவர் விரலை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். “மேடம், எனக்குப் புரியுது, புரியலன்னு சொல்லல. ஆனா உத்தரவு இருக்கே. கலெக்டர் மீட்டிங்ல இருக்காரு, கேட்டுட்டு வாரேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனார். போகட்டும். கேட்டு வருவதற்குள் இரண்டரை ஆகிவிடும். இரண்டாவது தடவையும் பொய்யாகிவிட்டால் ஒப்பந்தம் போகும், அதுகூடப் பரவாயில்லை, அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் மேகத்தைக் காட்டி யார் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அதுதான் பயம். கணக்கு சரிதானா? எந்தப் பக்கம் தள்ளும், வடக்கா தெற்கா, அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டேனா? உட்கார்ந்தால் விரல் மேலே போனது. மேலே என்றால் வடக்கு. சரிதான். தொலைபேசியை எடுத்து கல்தோணியில் நிற்கிற வனவர் தவசிக்கண்ணைக் கூப்பிட்டாள். பௌர்ணமியன்று கயிறு கட்டி நின்றதும் ஏச்சு வாங்கியதும் அவர்தான். “அண்ணாச்சி, செண்பகவல்லி பேசுறேன். அங்க வானம் எப்படி இருக்கு?” “வெயிலு மண்டையப் பொளக்கு மேடம்.” “மலைப் பக்கம்?” “முன்னால நிக்குற பாறைதான் தெரியுது, அதுக்கு அங்கிட்டு என்னன்னு எப்படித் தெரியும்?” “தண்ணியில சருகு வருதா, நிறம் மாறுதா?” “பளிங்கா இருக்கு. ஏன் கேக்கீங்க?” ஒரு அடையாளமும் இல்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அண்ணாச்சி, இப்பவே மறிக்கணும்.” “மானி காட்டிட்டா மேடம்?” என்றார். “இல்ல. காட்டாது. நான் அன்னைக்குச் சொன்னது பொய்யில்ல அண்ணாச்சி, இடம்தான் தப்பு. மழை பெய்ஞ்சிருக்கு. கல்தோணிக்குப் பதிலா அதுக்குத் தெக்குப் பள்ளத்துல பெய்ஞ்சிருக்கு. இன்னைக்கும் அதே மாதிரி ஒரு பள்ளம் தள்ளிக் காட்டுது.” கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். “மேடம்,” என்றார் தவசிக்கண், குரல் இறங்கியிருந்தது. “பௌர்ணமிக்கு மறாநாளு நான் தெக்குப் பள்ளத்துக்கு ரோந்து போனேன். மூங்கில் தூரோட சாஞ்சு கெடந்துச்சு. பாறை மேல ஆள் உசரத்துக்குச் சேறு ஒட்டியிருந்துச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல.” கோபமா சந்தோஷமா தெரியவில்லை. பதினைந்து நாள், அண்ணாச்சி, பதினைந்து நாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. “கட்டுதேன்,” என்றார் அவர். “போனை வைக்காதீங்க, சட்டைப் பையில போட்டுக்கிடுதேன்.”

அதற்கப்புறம் தொலைபேசிக்குள் சட்டைத் துணி உரசுகிற சத்தம். விசில். ஏறு, ஏறு, மேல ஏறு. கயிறு, அந்த முனையப் பிடி. ஒரு பொம்பளையின் குரல் மட்டும் தனியாக, பக்கத்தில், கணீரென்று கேட்டது: “மறுபடியுமா? எம் மாப்பிள்ளை அந்தக் கரைல நிக்காரு, சோத்து வாளி எங்கிட்ட இருக்கு, காலைலேருந்து மனுசன் பட்டினி. யாருய்யா அந்த மேகம் மேடம்? கூப்பிடு அவள, நான் கேக்கேன்.” கேளம்மா, கேளு, நல்லாக் கேளு என்று செண்பகவல்லி மனசுக்குள் சொன்னாள். அந்த வாளியில் என்ன சோறு, புளியோதரையா, மலைக்குப் போகிறவர்கள் வேறென்ன எடுப்பார்கள், காலையில் கட்டியது இந்த வெயிலுக்கு ஊசியிருக்காதா? என்ன புத்தி இது, இந்த நேரத்தில் இதையா கேட்கும்? இரண்டே காலுக்கு இரண்டு மணிப் படம் வந்தது. சிவப்பு இரண்டு மடங்காகியிருந்தது, ஆனால் இடம் மாறவில்லை, அணைக்கு மேலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. 0.0. மீட்டிங் இன்னும் முடியவில்லை என்று முகைதீன் சார் திரும்பி வந்தார், படத்தைப் பார்த்தார், மழைமானியைப் பார்த்தார், அவள் காதில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். “மறிச்சிட்டீங்களா?” என்றார். “மறிச்சிட்டேன் சார்.” அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், அது அவளுக்கு ஆயிரம் வார்த்தைக்குச் சமமாக இருந்தது. இரண்டு இருபது. இரண்டு இருபத்து மூன்று. வரவில்லை. வராவிட்டால்? வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வர வேண்டும் என்றா? வந்தால் தான் சொன்னது மெய்யாகும். அதற்காகவா வெள்ளம் வேண்டும் என்று கேட்பது? சீ. வராமலே போகட்டும், ஒப்பந்தம் போகட்டும், மேகம் மேடம் என்று கைகொட்டிச் சிரிக்கட்டும். ஆனால் மனசின் அடியில் ஏதோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, வருமா வராதா என்று தெரிந்துகொள்ளாமல் அதனால் இருக்க முடியாது, அது அப்படித்தான் பிறந்திருக்கிறது. வாளிக்காரியின் குரல் இன்னும் திட்டிக்கொண்டே இருந்தது. “இதுல என்னய்யா தண்ணி, கொலுசு நனையாது, நான் போறேன், விடு.” “விடாதீங்க அண்ணாச்சி,” என்று அவள் சட்டைப் பைக்குள் கத்தினாள்.

இரண்டு இருபத்தெட்டுக்கு அந்தப் பெண் ஒரு வார்த்தையின் நடுவில் நிறுத்தினாள். கூட்டமும் நின்றுவிட்டது. இரண்டு கரையிலும் நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று செண்பகவல்லி அதுவரை கேட்டதில்லை. அப்புறம் லாரி ஒன்று தூரத்தில் மேடேறுகிற மாதிரி ஒரு சத்தம் தொடங்கி, பெருத்து, தொலைபேசி முழுக்க அதுவே ஆகி, வேறொன்றும் கேட்காமல் போயிற்று. அண்ணாச்சி. அண்ணாச்சி. முகைதீன் சார் எழுந்து நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. துணி உரசியது. தவசிக்கண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். “மேடம், இருக்கீங்களா? தண்ணி வந்துட்டு. இடுப்புக்கு மேல போகுது, மரமா வருது. இந்தக் கரைல நிக்காங்க, அந்தக் கரைல நிக்காங்க. நடுவுல ஒருத்தருமில்ல.” அவளுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, துடைக்கவில்லை. “நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.” “ரெண்டு தடவை பாத்துட்டேன் மேடம்,” என்றார் அவர். “கயித்தை மட்டுந்தான் கொண்டு போயிட்டு.”